தம்பி பேரில் ஒரு கோப்பை

ஜூலை 29, செவ்வாய்

டேய் ஒட்டடக்குச்சித் தம்பி, இன்றைக்கும் வெயில்தான். ஆடிக் காற்று தெருப் புழுதியை வாரி வாரி வீட்டுக்குள் கொட்டுகிறது. மழை ஒரு சொட்டு இல்லை.

காலையில் தண்ணீர் பிடித்தது. உன் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டது. காலுக்குப் பத்தவில்லை என்று நீயே பலகை அடித்து நீட்டிய கட்டில். பழைய சாமான்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "யக்கா, இது கட்டிலா, பாலமா?" என்றான். வேண்டாம் என்று போய்விட்டான். திரும்ப உள்ளே இழுத்துப் போட்டேன்.

கம்பெனியில் அடுத்த வருஷத்து டைரி ஆர்டர். நாள் முழுக்கப் பைண்டிங். கிழமை மாறி அச்சாகிப்போன டைரி ஒன்றை வேஸ்டிலிருந்து எடுத்தேன், உனக்கு எழுத. மேனேஜர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். தம்பியைப் பறிகொடுத்தவள் என்று இரக்கம். எத்தனை நாளைக்கோ.

சாயங்காலம் சாத்தூர் டவுன் கிளப் செகரட்டரி வந்தார். காரில். நீ மதுரை ஆஸ்பத்திரியில் வீங்கிப்போய்க் கிடந்தபோது இந்தக் காருக்கு வழி தெரியவில்லை. இப்போது சந்து பொந்தெல்லாம் நுழைந்து வாசலில் வந்து நிற்கிறது. பிளாஸ்டிக் சேரைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். என் வீட்டுச் சேர் அவர் வேட்டியை அழுக்காக்கிவிடுமாம்.

"மாரி, உன் தம்பி எங்க கிளப்போட சொத்தும்மா" என்றார்.

சொத்து என்றால் பத்திரம் இருக்கும். நீ வேலை கேட்டுப் போனபோது மட்டும், அவன் எங்க ஆளு இல்லையே, கெஸ்ட் பிளேயர்தானே என்றவர் இவர்தான். எனக்கு மறக்கவில்லை. அவருக்கு மறந்துவிட்டது.

விஷயம் இதுதான். சுதந்திர தினத்துக்கு வழக்கமாக நடத்தும் பாஸ்கெட்பால் போட்டி, இந்த வருஷம் உன் பேரில். மூன்று நாள். வேல்முருகன் நினைவுச் சுழற்கோப்பை. கடைசி நாள் நான் மேடைக்கு வந்து கோப்பையை என் கையால் தர வேண்டுமாம். உன் போட்டோ ஒன்றும் வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? பெருமைதான?"

டீ கொடுத்தேன். சீனி பத்தவில்லை என்றார்.

ஜூலை 31, வியாழன்

தலைவலி. வெயில். மதியம் சோறு இறங்கவில்லை.

பைண்டிங்கில் என் பக்கத்தில் உட்காருகிற பேச்சி கேட்டாள், "உன் தம்பி எந்த டீமு மதினி?" சின்னப் பிள்ளை. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம். பாஸ்கெட்பால் என்றால் கூடை பின்னுகிற வேலையோ என்று முதலில் நினைத்தாளாம்.

எந்த டீம் என்று சொல்ல? யோசித்து யோசித்துச் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மதுரை, மில் டீம். மில்லை மூடிவிட்டான்.

கோயம்புத்தூர், காலேஜ்காரன் டீம். படிக்காதவனைக் காலேஜ் பனியனைப் போட்டு ஆடவிட்டான். மாட்டிக்கொண்டதும் யாரென்றே தெரியாது என்றுவிட்டான்.

சென்னை, ஒரு பேங்க் டீம். "அடுத்த வருஷம் பெர்மனென்ட்." இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே உன்னை எத்தனை வருஷம் ஓடவிட்டார்கள். மாட்டுக்கு முன்னால் புல்லுக்கட்டைக் காட்டுகிற மாதிரி.

புனே. பெரிய லீக் என்றார்கள். டிவியில் வரும் என்றாய். தெருவில் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். பாதி சீசனில் கம்பெனிக்காரன் ஓடிவிட்டான். நீ ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே ஊருக்கு வந்தாய். கால் யானைக்கால் மாதிரி வீங்கி.

அப்புறம் தேனி, கரூர், தூத்துக்குடி, கும்பகோணம், எங்கே லைட் போட்டுப் போட்டி நடத்தினாலும் அங்கே. யார் கூப்பிட்டாலும் அவன் டீம்.

மில் முதலாளியின் மச்சான் மகன் பேரிலும் ஒரு தடவை ஆடினாய். அவன் பேரைச் சொல்லி ஆடியது நீ. சர்டிபிகேட் அவனுக்கு. அதைக் காட்டி வேலையும் அவனுக்கு. உனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல பொரிச்ச பரோட்டா யக்கா என்று என்னிடம் வந்து சொன்னாய். உன்னை என்ன சொல்ல.

பேச்சி வாயைப் பிளந்து கேட்டாள். "அப்ப அம்புட்டு டீம் பனியனும் வீட்ல இருக்குமே மதினி?"

ஒன்றுகூட இல்லை. கெஸ்ட் பிளேயர் என்றால் ஆட்டம் முடிந்ததும் பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். வேர்வை சொட்டச் சொட்ட. நம்பர் போட்ட பனியன் அவன் சொத்து. அதற்குள் இருந்த உடம்புதான் வாடகை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. கம்பெனியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளைத் தைத்த ஆல்பத்துக்குப் பூஜை. ஞாயிறு என்றாலும் போக வேண்டும். சுண்டல், கேசரி. முதலாளி பேசினார். தொழிலாளிகள் எல்லாம் என் குடும்பம் என்றார். குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு கரண்டி கேசரி.

வீட்டுக்கு வந்து உன் பையைக் கொட்டிப் போட்டோ தேடினேன். நீ எல்லாப் போட்டோவிலும் பின் வரிசை. நெட்டையன் என்று பின்னால் நிறுத்தியே பழகிவிட்டார்கள். தலை மட்டும் தெரிகிறது. மரத்தில் காய்த்த தேங்காய் மாதிரி. கடைசியில் ஒன்று கிடைத்தது. தூத்துக்குடிக்காரன் டீமின் பச்சைப் பனியனில், இடுப்பில் பந்தை வைத்துக்கொண்டு. சிரிக்கிறாய். பல் ஒன்று உடைந்திருக்கிறது. அதுவும் ஆட்டத்தில் போனதுதான்.

கொடுத்துவிட்டேன். சரி என்றும் சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே என் மேல் வெறுப்பு. ஆனாலும் உண்மையை எழுதுகிறேன். உன் ஆட்டம் பார்க்க நான் வந்த நாளில் எல்லாம் மைக்கில் உன் பேர் வந்ததே இல்லை. நம்பர் லெவன், நம்பர் லெவன் என்பான். இல்லை, உயரமான ஆட்டக்காரர் என்பான். ஊர்க்காரன் பேரை எல்லாம் அப்பன் பேரோடு சேர்த்துச் சொல்வான். உன் பேரை அத்தனை ஜனத்துக்கு முன்னால் மைக்கில் ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக இந்த ஆட்கள் முகத்தில் மறுபடி முழிக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பவர் கட். மெஷின் நின்று கிடந்தது. நானும் பேச்சியும் பக்கத்து பிரஸ்ஸில் உன் ஃப்ளெக்ஸ் பார்க்கப் போனோம். அங்கே ஜெனரேட்டர் ஓடுகிறது, அங்கேதான் அடிக்கிறார்கள்.

பார்த்ததும் யாரோ என்று நினைத்தேன்.

உன்னை வெள்ளையாக்கியிருக்கிறார்கள். கரிக்கட்டை மாதிரி இருந்தவனை ரோஸ் பவுடர் போட்ட மாப்பிள்ளை மாதிரி. உடைந்த பல்லை ஒட்டவைத்தாயிற்று. பச்சைப் பனியனை அழித்து டவுன் கிளப்பின் நீலப் பனியன். நெஞ்சில் அவர்கள் பேர். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் உன்னிடம் விட்டுவைக்காத பனியன். செத்தபிறகு கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டார்கள். இனி நீ கழற்றிக் கொடுக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையனிடம் கறுப்பாகவே போடச் சொன்னேன். முடியாதாம். நைட் லைட்டில் முகம் தெரியாதாம். செகரட்டரி ஓகே சொல்லியாச்சாம். பல்லையாவது உடைத்துவிடு என்றேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

உன் பேருக்கு மேலே பட்டாசுக் கம்பெனி பேர். பெரிய எழுத்தில். ராக்கெட் படம் வேறு. நீ ராக்கெட்டில் ஏறி மேலே போனது போல் இருக்கிறது.

பேச்சி சொன்னாள், "நல்லாத்தான் இருக்காக மதினி." அவள் உன்னைப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 9, சனி

சம்பள நாள். மளிகை. உளுந்து, நல்லெண்ணெய், சேவு. சேவு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் யாருக்கு வாங்கினேன் என்று தோன்றியது. எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் கம்பவுண்டரைப் பார்த்தேன். கிளப்புக்கு ஊசி போடுகிறவன். மருந்துக்கடையில் வேலை பார்த்தவன், தன்னை டாக்டர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். ஹாஃப் டைமில் உன் முட்டியில் ஊசி போட்டு, மாத்திரையைக் கையில் திணித்து, "எந்திரி, ஓடு" என்று அனுப்புகிறவன்.

என்னைக் கண்டதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவனாக வந்து பேசினான். அவன் போட்டது வெறும் வலி ஊசிதானாம். ஊர் உலகமே போடுகிறதாம். அதனால் யாராவது சாவார்களா என்று என்னிடமே கேட்கிறான்.

மதுரை டாக்டர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். வருஷக்கணக்கில் வலி மாத்திரையும் ஊசியும் போட்டு இரண்டு கிட்னியும் சுருங்கிப்போனது என்று அந்தம்மா ஸ்கேனைத் தூக்கி லைட்டில் காட்டிச் சொன்னார். எத்தனை வருஷமாகப் போடுகிறீர்கள் என்று கேட்டபோது நீ சிரித்துக்கொண்டே, கடலை மிட்டாய் மாதிரி மேடம் என்றாய். அவர் சிரிக்கவில்லை.

கம்பவுண்டர் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, "அவருக்கு உடம்பு வாகு அப்படி" என்றான். பஸ் வந்தது. ஓடி ஏறி சீட் பிடித்துவிட்டான்.

ஆகஸ்ட் 13, புதன்

லேசாகத் தூறல். புழுதி அடங்கியது.

போட்டி ஆரம்பம். வெளியூர் ஆட்களை ஸ்கூலில் தங்கவைத்திருக்கிறார்கள். பெஞ்சில் படுக்கை. கிளப்புக்கு ஆடவந்த கெஸ்ட் ஒருவன் மட்டும் விசாரித்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். ஜெயராஜ். தேனிப் பக்கம். மில் டீமில் உன்னோடு ஆடியவன். நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டே உள்ளே வந்தான். நீயும் கடைசி வரை இடித்துக்கொண்டுதான் இருந்தாய். அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்படியில் எனக்குக் கரண்டி நழுவிவிட்டது.

சோறு போட்டேன். கருவாட்டுக் குழம்பு. நன்றாகச் சாப்பிடுகிறான். பேச்சும் சிரிப்பும். பஸ்ஸில் கால் நீட்டுவதற்காகக் கடைசி சீட்டை நீதான் துண்டு போட்டுப் பிடிப்பாயாம். எந்த ஊரில் எந்த லாட்ஜில் கட்டில் நீளம் என்று உனக்குத்தான் தெரியுமாம். சண்டை என்றால் முதல் ஆளாக ஓடிவிடுவாயாம்.

"அவன் ஓடுனான்னா ஒருத்தன் பிடிக்க முடியாதுக்கா. அந்தக் காலு அப்படி."

நீ போய் மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முட்டியை நான் பார்த்ததைப் பார்த்துவிட்டான். "ஒண்ணுமில்லக்கா. பழசு" என்றான். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வேலைக்குப் போனேன். ஆட்டத்துக்குப் போகவில்லை. கிளப் ஜெயித்து ஃபைனலுக்கு வந்துவிட்டதாம். பஸ்ஸில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். "அந்தத் தேனிக்காரன் இல்லேன்னா சோலி முடிஞ்சிருக்கும்லே." "நாளைக்கு மட்டும் அவன் கால் தாங்கணும்." ஏதோ வாடகை வண்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

நாளைக்குக் கட்ட நீலச் சேலை. வேண்டாம், நீலம் அவர்கள் கலர். அரக்கு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுதுகிறேன்.

சாயங்காலம் கார் வந்தது. மேடையில் சோபா. எனக்கும் ஒரு ஓரம். பக்கத்தில் பட்டாசு முதலாளி. வாசனைப் பாக்கு மென்றுகொண்டே இருந்தார். எனக்குச் சால்வை போட்டார்கள். உன் வெள்ளைக்கார முகம் மேடைக்குப் பின்னால், இரண்டு ஆள் உயரம்.

மைக்கில் உன் பேர் சொன்னான். "அமரர் வேல்முருகன்." ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. அப்பா பேரோடு சேர்த்து. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மறைக்க மாட்டேன். இதற்குத்தானே வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அந்த நிமிஷத்துக்கு இந்த ஆட்களை எல்லாம் மன்னித்துக்கூட விட்டேன்.

ஹாஃப் டைமில் முகம் கழுவ மேடைக்குப் பின்னால் போனேன். உன் ஃப்ளெக்ஸுக்குப் பின்பக்கம், கம்பு கட்டியிருக்கும் இடம். பெஞ்சில் ஜெயராஜ். காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முட்டி பனங்காய் மாதிரி. கம்பவுண்டர் குனிந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தான். செகரட்டரி செல்போன் லைட் பிடித்துக்கொண்டு நின்றார்.

உன் பேரில் நடக்கிற ஆட்டம். உன் முதுகுக்குப் பின்னால். அதே ஆள். அதே ஊசி.

கிட்டே போனேன். செகரட்டரி லைட்டை அணைத்துவிட்டு, "ஏம்மா, நீ எதுக்கு இங்கன வந்த? மேடையில போய் உக்காரு" என்றார். திருட்டுத்தனம் பண்ணும்போதும் அதிகாரம்.

அவரிடம் பேசவில்லை. ஜெயராஜிடம்தான் பேசினேன். டாக்டர் சொன்னது எல்லாம் சொன்னேன். நீ கடைசியில் மூச்சுவிட முடியாமல் கிடந்ததைச் சொன்னேன். மூத்திரம் பிரியாமல் அழுததைச் சொன்னேன். ஆடாதே என்றேன். என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாய், அந்த உரிமையில் சொல்கிறேன் என்றேன்.

முழுசாகக் கேட்டான். தலையைக் குனிந்துகொண்டு. பிறகு சொன்னான்.

"இந்த ஒரு மேட்ச் மட்டும்க்கா. ஜெயிச்சா பட்டாசு முதலாளி தன் கம்பெனியில பெர்மனென்ட் பண்றேன்னு சொல்லியிருக்காரு."

விசில் ஊதினான். எழுந்து போய்விட்டான். எதையும் பிடிக்காமல் எழுந்தான். வலி போய்விட்டதல்லவா.

அப்புறம் ஆடினான் பார். என்ன ஆட்டம். நாலு பேர் மறித்தும் நடுவில் புகுந்து எழும்பி, பந்தை ஏதோ சாமிக்கு மாலை போடுகிற மாதிரி ரிங்கில் வைத்துவிட்டு இறங்கினான். ஜனமெல்லாம் எழுந்து நின்றது. நானும் நின்றேன். கையைப் பார்த்தால் தட்டிக்கொண்டிருக்கிறது. என் கையைப் பார்த்து எனக்கே காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது.

கிளப் ஜெயித்தது. கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். வாங்குவதற்கு ஜெயராஜைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறி வந்தான். என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தான். முட்டி மடங்கிவிட்டது. மரத்துப்போன காலுக்கு என்ன தெரியும். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக என் காலடியில் விழுந்தான்.

ஜனம் அதைக் கும்பிடு என்று நினைத்துவிட்டது.

சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குகிறார் என்று மைக்குக்காரன் அலறினான். இறந்துபோன நண்பனின் அக்காவைத் தெய்வமாக நினைத்து விழுந்து கும்பிடுகிறார் என்று அழுகிற குரலில் சொன்னான். விசிலும் கைத்தட்டலும். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். செகரட்டரியும் கண்ணைத் துடைத்தார். அவருக்கு என்ன நடந்தது என்று தெரியும். தெரிந்துகொண்டே துடைத்தார். முதலாளி கையசைத்ததும் பட்டாசு கொளுத்திவிட்டார்கள்.

கீழே இருந்து மெதுவாகக் கேட்டது. "தூக்குங்கக்கா. எந்திரிக்க முடியல."

கோப்பையைக் கீழே போட்டுவிட்டேன். இரண்டு கையையும் அக்குளில் கொடுத்துத் தூக்கினேன். உன்னைக் கட்டிலில் இருந்து தூக்கிய மாதிரியே. கனமும் அதே கனம். அதற்கும் கைத்தட்டினார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

மேகமூட்டம். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

பேப்பரில் போட்டோ. அவன் விழுந்து கிடக்கிறான், நான் குனிகிறேன், பின்னால் வெள்ளையாக நீ. நெகிழ்ச்சி என்று போட்டிருக்கிறது. பேச்சி அதைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். எங்க மதினி, எங்க மதினி என்று. அவளிடம் சொல்லவில்லை. சொன்னாலும் போட்டோதான் ஜெயிக்கும்.

செகரட்டரி போன் பண்ணினார். கிளப்புக்கு நல்ல பேராம். வருஷா வருஷம் உன் பேரில் நடத்தலாமாம். ஜெயராஜ் வேலை என்னாச்சு என்று கேட்டேன்.

"அடுத்த சீசன்ல பாப்போம்மா."

இனிமேல் என் தம்பி பேர் உங்கள் மைக்கில் வரக்கூடாது என்றேன். சிரித்தார். ஃப்ளெக்ஸை மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம், பெரியவர்கள் எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணிக்கொள்வார்களாம். போனை வைத்துவிட்டேன். உன் பேரைக்கூட அவர்களிடமிருந்து கழற்றி வாங்க என்னால் முடியவில்லை.

ஜெயராஜ் ராத்திரி இங்கேதான் படுத்தான். உன் கட்டிலில். காலுக்கு நீளம் சரியாக இருந்தது. காலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். வலியில் பல்லைக் கடித்தான், ஆனால் பேச்சு குறையவில்லை. இட்லி கட்டிக் கொடுத்தேன். மதுரை டாக்டர் பேரை எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போ, ரத்தம் டெஸ்ட் பண்ணு, நானும் கூட வருகிறேன் என்றேன்.

"கண்டிப்பா போறேன்க்கா. அடுத்த வாரம் கோயம்புத்தூர்ல ஒரு டோர்னமென்ட். அத முடிச்சிட்டு."

அவனைத் திட்டினேன். வாயில் வந்ததெல்லாம். மடையன், மானங்கெட்டவன், செத்துப் போ என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவில்லை. பஸ் வரும்வரை கேட்டுக்கொண்டே நின்றான். ஏறிக் கடைசி சீட்டுக்குப் போனான். காலை நீட்டி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையாட்டினான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் சொன்னேன். டாக்டர் சொன்னார். நீ செத்தே காட்டினாய். அப்படியும் அவன் போகிறான். யார் சொல்லியிருந்தால்டா நீ நின்றிருப்பாய்?